பெருசுக்குக் கல் நடலாமா?

கேள்வி: காட்பாடிக்கும் திருவலத்துக்கும் நடுவில் எங்களுக்குச் சொந்த வீடு. காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த கிழட்டு நாய் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். பாதிப் பல் இல்லை, வயது தெரியாது. ‘பெருசு’ என்றே பெயர் வைத்தோம். 2 வருஷம் 8 மாதம் எங்களோடு இருந்தான். ஆடி முதல் வாரம் சிறுநீரகம் முற்றிலும் கெட்டு, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 8.4 வந்து, டாக்டர் ஊசி போட்டு அனுப்பி வைத்தார். உயிர் போன பிறகும் கண் மூடவில்லை, ஒரு நிமிஷம் கழித்து மூச்சு இழுத்தான். வலித்திருக்குமோ? கோடையில் நிறையத் தண்ணீர் குடித்தான், வெயிலுக்குத்தான் என்று விட்டுவிட்டேன். என் தப்பா? தோட்டத்தில் இடுப்பளவு குழி தோண்டி 5 கிலோ கல் உப்பும் ஒரு பை சுண்ணாம்பும் போட்டுப் புதைத்தோம். போர்வெல் 60 அடி தள்ளி இருக்கிறது. குழி மேல் மகிழ மரம் வைக்கலாமா? 9 வயது மகன் கல்லில் பெயர் வெட்ட வேண்டும் என்கிறான். என் வீட்டுக்காரர், நாய்க்குக் கல்லா, ஊர் சிரிக்கும் என்கிறார். பிறந்த வருஷமே தெரியாதவனுக்குக் கல்லில் என்ன எழுதுவது? மாமியார் தினமும் குழியில் சோறு வைக்கிறார். அவனுடைய துணி, தோல் பட்டை, மிச்ச மருந்து எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கள் சின்ன நாய் ஜிம்மியும் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, வாசலிலேயே படுத்திருக்கிறாள்.
— வாசகி, காட்பாடி

பதில்:

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஜிம்மியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கூட இருந்த நாய் போனால் இன்னொன்று தேடும், வாசலில் படுக்கும், சாப்பாடு குறையும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் மூன்று வாரம் என்பது நீளம். ‘துக்கத்தில் இருக்கிறாள்’ என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே உண்ணிக் காய்ச்சல் முற்றிக்கொண்டிருப்பது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. நாய் இறந்து உடம்பு ஆறத் தொடங்கியதும் அதன் மேல் இருந்த உண்ணிகள் இறங்கி, பக்கத்தில் இருக்கும் அடுத்த சூடான உடம்பைத் தேடும். இரண்டும் ஒரே மூலையில் படுத்திருந்தால், அந்த அடுத்த உடம்பு ஜிம்மிதான்.

இன்றைக்கே ஈறுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ, அடிவயிற்றில் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கலாம். ஓய்வாகப் படுத்திருக்கும் நாய்க்கு 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். வெப்பம் சரியாக இருந்தாலும் ரத்த அணு எண்ணிக்கை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, கிரியாட்டினின் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெருசுக்குச் சிறுநீரகம் கெட்டதற்கு எலிக்காய்ச்சல் காரணமா என்று சோதித்தார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அது சிறுநீர் வழியாக மற்ற நாய்க்கும் மனிதருக்கும் பரவக்கூடியது. டாக்டரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் என்ற மருந்து வழக்கமாக 28 நாள். ஒரு வாரத்தில் துள்ளி விளையாடுகிறாள் என்று நிறுத்திவிடக் கூடாது. எல்லாச் சோதனையும் சரியாக இருந்தால், அப்போது இது துக்கம்தான். வேளை தவறாமல் சோறு, வேளை தவறாமல் நடை, பெருசு இருந்தபோது போன அதே தெரு. இரண்டொரு மாதத்தில் தேறிவிடுவாள்.

இனி உங்கள் கேள்விகள்.

கண் மூடாததற்கும் வலிக்கும் தொடர்பில்லை. இமையை மூட தசை சுருங்க வேண்டும். உயிர் போன உடம்பில் எல்லாத் தசையும் தளர்ந்துவிடுவதால் கண் திறந்தபடியே நிற்கும். சினிமாவில் கையால் தடவி மூடுவார்களே, அது நாய்க்கு அநேகமாக நடக்காது. அந்த மூச்சும் அப்படித்தான். முறையாகச் செய்யும்போது முதலில் மயக்க மருந்தால் நினைவு போகும். பிறகு தரும் மருந்தில் மூச்சும் இதயமும் நிற்கும். அதற்குப் பிறகும் மூளைத்தண்டில் மிச்சமிருக்கும் அனிச்சைச் செயல் ஒன்றிரண்டு முறை உதரவிதானத்தை இழுக்கும். சிறுநீர் போகும், காது துடிக்கும். நினைவு அதற்கு முன்பே போயிருக்கும். இதை ஊசி போடுமுன் வீட்டாரிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவதால்தான் நிறையப் பேர் உங்களைப் போல அந்த ஒரு மூச்சை மாதக்கணக்கில் சுமக்கிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் உங்களுக்குப் பாதிச் சமாதானம்தான் சொல்ல முடியும். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் போதும். 100 மில்லியைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். பெருசு 17 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டர் சரி, 1.7 லிட்டர் சரியில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரிக்கு மேல் போகிறபோது எந்த நாயும் கூடுதலாகக் குடிக்கும். அளந்து பார்த்தால் ஒழிய வேறுபாடு தெரியாது. தெரிந்திருந்தாலும் எவ்வளவு முன்னால்? சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யாமல் போன பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போய் தாகம் எடுக்கத் தொடங்கும். கிரியாட்டினின் ஏறுவது நான்கில் மூன்று பங்கு போன பிறகு. அந்தக் கிரியாட்டினினும் தசையிலிருந்து வருவது என்பதால், எலும்பும் தோலுமான கிழட்டு நாய்க்கு உண்மை நிலையைவிடக் குறைவாகவே காட்டும். 5-க்கு மேல் போனாலே கடைசிக் கட்டம், 8.4 அதையும் தாண்டியது. கோடையிலேயே கண்டுபிடித்திருந்தால் உணவு மாற்றி, தோலுக்கடியில் சலைன் ஏற்றி, சில மாதம் கூடக் கிடைத்திருக்கலாம். குணமாகியிருக்காது. ஆட்டோ ஸ்டாண்டில் படுத்திருந்த நாளிலேயே அந்தச் சிறுநீரகத்தில் எவ்வளவு பாக்கி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்திருக்கலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது இனிமேல் சொல்வார்கள். நாள்பட்டுக் கெட்ட சிறுநீரகத்துக்கு அது நாளைத் தள்ளிப்போடும் வேலை. வாரத்துக்குப் பல தடவை போய்வர வேண்டும். பல் கொட்டிய நாய்க்கு அது நல்ல முடிவென்று நான் சொல்ல மாட்டேன்.

குழிக்கு வருவோம். இடுப்பளவு என்றால் ஏறக்குறைய 3 அடி, அது போதும். நம் பக்கத்துச் செம்மண், பாறை நிலத்தில் அதற்குமேல் கடப்பாறை இறங்குவதும் கஷ்டம். முக்கியம் என்னவென்றால், உடம்புக்கு மேல் இரண்டரை அடியாவது மண் நிற்க வேண்டும். ஊசி போட்டு அனுப்பிய நாய் என்பதால் இதில் கண்டிப்பாக இருங்கள். மயக்க மருந்து உடம்பில் நெடுநாள் தங்கும். தெருநாயோ நரியோ கீரியோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். மண் தாழ்ந்திருந்தால் இன்னும் ஒரு அடி செம்மண் கொட்டி மேடாக்கி, வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, அதன் மேல் நாலைந்து கனமான கல் வையுங்கள். மழைக்குப் பிறகு மேடு உள்வாங்கும். உள்ளே மக்கி இடம் காலியாவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். மறுபடி மண் போடுங்கள்.

மாமியார் வைக்கும் சோற்றை இப்போதே பேசி நிறுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். பால் சோறு, கறிச்சோறு வாசனைக்கு இரவில் தெருநாய்கள் வரும், சோறு தீர்ந்ததும் மண்ணைப் பிராண்டும். படையல் போடக் கூடாது என்று அவரிடம் சொல்லாதீர்கள், அது அவருடைய துக்கம். வைத்துக் கும்பிட்டு, பத்து நிமிஷத்தில் எடுத்து ஜிம்மிக்கோ காக்கைக்கோ வேறிடத்தில் வைத்துவிடட்டும். இல்லாவிட்டால் ஓர் அகல் விளக்கு போதும்.

போர்வெல்லுக்கு 100 அடி தள்ளி இருந்தால் நிம்மதி. 60 அடியில் புதைத்துவிட்டீர்கள் என்பதற்காகத் தோண்டி மாற்ற வேண்டாம், அதில்தான் ஆபத்து அதிகம். திறந்த கிணறாக இருந்தால், குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் கவலைப்படலாம். கேசிங் குழாய் நன்றாக இறங்கிய போர்வெல்லுக்கு ஒரே ஒரு நாயால் பெரிதாக ஒன்றும் வராது. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுங்கள். தொட்டித் தண்ணீரில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள்.

மரம்தான் சிக்கல். குழி மேலேயே வைத்தால் மகிழங்கன்று பிழைக்காது. உப்பும் சுண்ணாம்பும் போட்டால் சீக்கிரம் மக்கும் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். உண்மையில் இரண்டுமே நாற்றத்தைக் குறைத்து, மக்குவதைத் தாமதப்படுத்துகின்றன. 5 கிலோ உப்பு நிறைந்த மண்ணில் வேர், தண்ணீரை உறிஞ்ச முடியாமல் நுனி கருகும். சுண்ணாம்பால் இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகும். போதாததற்கு உடம்பு மக்கும்போது வரும் அமோனியாவும் இளம் வேரைச் சுடும். ‘அவன் மேல் வைத்த செடியும் செத்துவிட்டது’ என்று பையன் இரண்டாவது முறை அழ வேண்டியதாகிவிடும்.

குழியின் விளிம்பிலிருந்து 4 அடி தள்ளி, மழைநீர் குழியிலிருந்து ஓடிவராத பக்கமாகப் பார்த்து, 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி எடுங்கள். இப்போதே எடுத்து ஆறப்போடுங்கள். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்த பிறகு செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் சரிபாதி கலந்து, கன்றை நடுங்கள். மகிழம் மெதுவாக வளரும், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் பவழமல்லி அல்லது செம்பருத்தி. அரளி மட்டும் வேண்டாம், சமாதிக்கு அழகென்று பலரும் வைக்கிறார்கள். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நாய்க்கு விஷம், ஜிம்மி கடித்துப் பார்க்கிற வயதில் இருக்கிறாள். இரண்டு பருவமழை உப்பைக் கழுவிவிட்ட பிறகு, குழி மேலேயே அருகம்புல் தானாகப் பிடிக்கும்.

கல்லைப் பற்றி உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி. 1989 வரை பழைய வட ஆற்காடு மாவட்டமாக இருந்த பகுதியில், இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் எடுத்தனூரில், ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில் நட்டது. தொறுப்பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கான கல் அது. வீரனுக்குப் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஊர் சிரிக்கவில்லை.

கோவிவன் எப்போது பிறந்தான், எத்தனை வயது என்று அந்தக் கல்லில் இல்லை. பெயரும் அது செய்ததும் மட்டும்தான். உங்கள் கேள்விக்கும் அதுவே பதில். தெருவிலிருந்து வந்த வயதான நாய்க்கு டாக்டர் எழுதும் வயது ஒரு மதிப்பீடு. பல் தேய்மானமும், ஏழு வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸில் தெரியும் நீலப் புகையும் பார்த்துச் சொல்வது, இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே போகும். சந்தேகமானதைக் கல்லில் வெட்ட வேண்டாம். வந்த தேதி, போன தேதி, நடுவில் அவன் உங்கள் வீட்டில் செய்த ஒரே ஒரு காரியம். மகனையே கேளுங்கள். ஸ்கூல் வேன் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பான் என்பதைப் போல ஏதாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கருங்கல் பலகை இரண்டேகால் அடி உயரம், ஒரு அடி அகலம், 2 அங்குலக் கனம் போதும். ஏறக்குறைய 30 கிலோ வரும். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் ண, ற போன்றவற்றின் வளைவுகள் உடைந்து அடைத்துக்கொள்ளும். ஆழம் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, சுண்ணக்கட்டியால் கல்லில் வரைந்ததும் ஒருமுறை நேரில் பாருங்கள். ‘பெறுசு’ என்று உளி இறங்கிவிட்டால் அழிக்க ரப்பர் கிடையாது. இப்போதே நடாதீர்கள், மேடு உள்வாங்கும்போது சாயும். தை பிறந்த பிறகு, குழி மேல் அல்லாமல் தலைமாட்டில் உறுதியான மண்ணில் நடுங்கள்.

கல்லைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்து இந்த வாரமே எழுதுங்கள். குட்டியாக வாங்கி வளர்த்த நாய்க்கு முதல் நாளிலிருந்து வீட்டுக்குக் கதை தெரியும். பெருசுக்கு முன்பாதி இல்லை, இருக்கிற 2 வருஷம் 8 மாதமும் கடைசி ஒரு வாரத்துக்குள் சுருங்கிப்போகும் அபாயம் உண்டு. இப்போதே உங்கள் கடிதத்தில் பாதி அந்த ஊசியும் மூச்சும்தான். எந்தக் காதில் கிழிசல், எந்தக் காலில் பழைய எலும்பு முறிவு, எந்தச் சத்தத்துக்குப் பயந்தான், எந்த ஆட்டோக்காரரைப் பார்த்தால் வாலாட்டினான். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கேளுங்கள், அவனுக்கு அங்கே வேறு பெயர் இருந்திருக்கும். தடுப்பூசி அட்டை, ரத்தச் சோதனைத் தாள்கள், எடை பார்த்த சீட்டுகளை அதே நோட்டில் ஒட்டுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட சீட்டு ஒரு வருஷத்தில் வெளிறிவிடும், நகல் எடுத்து ஒட்டுங்கள்.

போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள், படம் சுருங்கிவிடும். டாகுமெண்டாக அனுப்புங்கள், அல்லது கேபிளில் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பென் டிரைவில் இன்னொரு பிரதி வையுங்கள். 4-க்கு 6 அங்குலத்தில் தெளிவாக அச்சிட 1200-க்கு 1800 பிக்சல் வேண்டும். குரைக்கும் வீடியோ இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். முகம் நினைவில் நிற்பதுபோலக் குரல் நிற்பதில்லை.

தோல் பட்டையைப் பற்றி ஆம்பூர், ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லைதான், இருந்தாலும் பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டாதீர்கள். கார்த்திகை ஈரத்தில் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, நிறமில்லாத ஷூ மெழுகு கொஞ்சம் தேய்த்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வரும். சீப்பில் சிக்கிய முடி இருந்தால் காயவைத்து மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் போடலாம். அந்துருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலையோ வசம்போ வையுங்கள். அந்துருண்டையை ஜிம்மி விழுங்கினால் இன்னொரு குழிதான்.

அவன் படுத்த துணியை வாசனைக்காக அப்படியே மூலையில் விட்டிருந்தால், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். துணியைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போட்டு, அந்த மூலையின் வெடிப்புகளைச் சிமெண்ட் பூசி அடையுங்கள்.

பிரிக்காத சலைன் பாட்டில்களை அவனைப் பார்த்த டாக்டரிடம் கொடுத்தால் இன்னொரு நாய்க்குப் பயன்படும். பிரித்தது குப்பைக்கு. ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள், குப்பை பொறுக்குபவர் கையில் குத்தும். மாத்திரைகளை ஜிம்மிக்குத் தரக் கூடாது. சிறுநீரக நோய்க்கான தீவனத்தில் புரதமும் பாஸ்பரஸும் குறைவு. தெருவில் குட்டிகளுக்குப் போட்டால் வளர்ச்சி கெடும். அதே நோயுள்ள நாய் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள்.

மகனிடம் ‘தூங்க வைத்துவிட்டார்கள்’ என்றோ ‘ஊருக்குப் போய்விட்டான்’ என்றோ சொல்ல வேண்டாம். முதலாவதைக் கேட்ட பிள்ளை ஊசிக்கும் தூக்கத்துக்கும் பயப்படும், இரண்டாவதைக் கேட்ட பிள்ளை காத்திருக்கும். செத்துவிட்டான், உடம்பு சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டது, வலிக்காமல் இருக்க டாக்டர் உதவினார். இவ்வளவும் 9 வயதுக்குப் புரியும். பெருசு பேரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டால், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள். உங்கள் தெருவில் கைக்குப் பழகிய நாய்களைக் கயிறு கட்டிக் கூட்டிப்போங்கள். கயிறு பெரியவர்கள் கையில் இருக்கட்டும், எந்த நாய்க்குப் போட்டாயிற்று என்று எழுதும் வேலையைப் பையன் பார்க்கட்டும்.

ஜிம்மியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், தட்டணு எண்ணிக்கையையும் கிரியாட்டினினையும் எழுதி அனுப்புங்கள்.